இரும்புச் சாவியும் காந்தத் தூளும்

ஒரு நாள் விடியற்காலை, எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், தன் பெயருக்குக் குரல் கொடுக்க வாயெடுத்தவன், நின்ற நிலையிலேயே தரையில் சாய்ந்தான். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. வாயில் நுரை தள்ளிற்று. கூட்டம் அஞ்சி விலகிற்று. முதியவர் ஒருவர் மட்டும் ஓடிவந்து, என் கையிலிருந்த ஸ்டோர் சாவிக் கொத்தைப் பறித்து, அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் சென்றிருக்கும். இழுப்பு நின்றது. இளைஞன் பெருமூச்சு விட்டு உறக்கத்தில் ஆழ்ந்தான். “பார்த்தீர்களா, கிராணி ஐயா! இரும்பு பட்டதும் விலகிவிட்டது” என்றார் முதியவர். எது விலகிற்று என்று அவரும் கூறவில்லை; நானும் கேட்கவில்லை.

பின்னர் அவனையும் அவன் தாயையும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துச் சென்றேன். மூளையைப் படம் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. என்னும் அந்த இயந்திரம் வைத்திருந்த அறையின் வாயிலில் தாதி ஒருவர் நின்று, “உடம்பில் இரும்போ வேறு உலோகமோ எதுவும் இருக்கக்கூடாது, உள்ளே இருப்பது பெரிய காந்தம்” என்று எச்சரித்தார். இளைஞனின் அரையில் மூன்று தாயத்துகள் இருந்தன. மூன்றையும் அவிழ்த்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டு அவன் உள்ளே சென்றான். படத்தில் மூளையின் ஓரிடத்தில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. சிறு வயதில் வந்த கடுங்காய்ச்சலின் விளைவாக இருக்கக்கூடும் என்று கூறிய டாக்டர், நாள் தவறாது உண்ண வேண்டிய மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அத்தாய் என்னை ஒரு கேள்வி கேட்டார்: “கிராணி ஐயா, பெரியவர் கொடுத்தது இரும்பு. டாக்டர் வைத்திருப்பது காந்தம். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுதானே? அப்படியானால் நம் பெரியவர்கள் சொன்னதும் சரிதானே?” ஆங்கிலத்தில் படித்தவன் என்று தோட்டத்தார் என்னை மதிக்கிறார்கள். எனினும் அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை.

விடை கூறாது விட்டதன் பலனை நான்கு மாதங்களில் கண்டேன். ஒரு சம்பள நாள் மாலை, பட்டணத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர், “நானோ காந்தப் பட்டை” என்று சொல்லி ஒரு கைவளையை லயன் வாசலில் விற்றார். மூளை, நரம்பு, இரத்தம் சம்பந்தமான எந்த வியாதியையும் அது நீக்கும் என்றார். இளைஞனின் தாய் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து அதை வாங்கினார். பட்டை வந்தபின் மாத்திரை எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் இரவு இளைஞனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை வலிப்பு வந்தது. அவன் உயிர் பிழைத்தது அரிதினும் அரிது.

அன்றுதான் இவ்வரலாற்றைத் தேடிப் படிப்பதென முடிவு செய்தேன். காந்தத்துக்கும் மூளைக்கும் உண்மையாகவே உறவு உண்டா? உண்டெனில் அது எவ்வாறு கண்டறியப்பட்டது? மெய்யும் பொய்யும் எந்த இடத்தில் பிரிந்தன? படித்தறிந்ததை ஈண்டு வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

வலிப்பு நோயைத் தெய்வத்தின் செயலென்றும் பேயின் பிடியென்றும் கருதியது நம்மவர் மட்டுமன்று. பண்டைய கிரேக்க மக்களும் அதைத் “தெய்விக நோய்” என்றே அழைத்தனர். ஆனால், இற்றைக்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, ஹிப்போகிரேட்டஸ் வழிவந்த வைத்திய நூலொன்று, இந்நோய் ஏனைய நோய்களைவிடத் தெய்விகமானதன்று என்றும், இதற்கு இயற்கைக் காரணம் உண்டென்றும், அக்காரணம் மூளையிலேயே உள்ளதென்றும் துணிந்து கூறிற்று. மந்திரமும் கழிப்பும் செய்து பிழைப்போர் தம் அறியாமையை மறைக்கவே தெய்வத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள் என்பதும் அந்நூலின் கருத்து. இத்துணைத் தெளிவான உண்மை அக்காலத்திலேயே எழுதப்பட்டும், அஃது ஊராரின் காதுகளை எட்டப் பல நூற்றாண்டுகள் ஆயின; சில ஊர்களை இன்னும் எட்டவில்லை.

காந்தக்கல்லின் கதை வேறு வகைப்பட்டது. தொடாமலே இரும்பை இழுக்கும் கல்லொன்றைக் கண்ட மனிதன், அது நோயையும் இழுக்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், வலிப்பு உள்ளிட்ட நோய்களைக் காந்தத்தால் உடம்பினின்று இழுத்து அகற்றலாம் என்று நம்பி, அவ்வாறே சிகிச்சையும் செய்தார். காந்தத்தை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட். இவரும் வைத்தியரே, எலிசபெத் அரசிக்கு மருத்துவராக இருந்தவர். 1600-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், பூமியே ஒரு பெருங்காந்தம் என்று விளக்கினார். பூண்டைத் தேய்த்தால் காந்தம் சக்தி இழக்கும் என்பன போன்ற கட்டுக்கதைகளை, வாதத்தால் அன்றிச் சோதனையால் மறுத்தார். காந்தத்தைப் பற்றிய மெய்யறிவு இங்கே தொடங்கிற்று எனலாம்.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம்.

பிரான்ஸ் ஆண்டன் மெஸ்மர் என்பவர் வியன்னா நகரில் வைத்தியம் செய்து வந்தார். 1774-ஆம் ஆண்டில், நரம்புத் தளர்ச்சியாலும் இழுப்பாலும் வருந்திய ஓர் இளம் பெண்ணுக்கு அவர் புதிய சிகிச்சை ஒன்றைச் செய்தார். இரும்புச் சத்துக் கலந்த மருந்தொன்றை முதலில் அருந்தச் செய்தார். பின்னர், மாக்ஸிமிலியன் ஹெல் என்னும் வானநூற் புலவர் செய்து கொடுத்த காந்தங்களை அவள் உடம்பின் மீது வைத்துக் கட்டினார். உள்ளே இரும்பு, வெளியே காந்தம். அப்பெண், தன் உடம்பினுள் ஏதோ நீரோட்டம் போல் ஓடுவதாகக் கூறினாள். நோயும் தணிந்ததாகத் தோன்றிற்று. வாசகர்கள் இம்முறையை நினைவில் வைத்துக்கொள்வார்களாக. 200 ஆண்டுகளுக்குப் பிறகு இதே உருவம் வேறொரு பொருளோடு திரும்பி வருவதைக் காண்போம்.

நாளடைவில் மெஸ்மர் காந்தத்தையே கைவிட்டார். தம் உடம்பிலிருந்தே ஒருவகைக் காந்த சக்தி பாய்கிறதென்றும், அந்த ஜீவகாந்தமே நோயைத் தீர்க்கிறதென்றும் கூறலானார். 1778-இல் பாரிஸ் மாநகர் சென்றார். அங்கே பெரிய மரத்தொட்டி ஒன்றைச் சுற்றி நோயாளிகள் அமர்ந்து, அதினின்று நீண்டிருந்த இரும்புக் கம்பிகளை நோயுள்ள இடத்தில் பொருத்திக்கொள்வர். சிலர் அழுவர், சிலர் சிரிப்பர், சிலர் இழுப்பு வந்து விழுவர். விழுந்து எழுந்தோர் நோய் நீங்கிற்று என்பர். நம் ஊர்க் கோவில் வாசலில் சாமியாடுவோரைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

பிரெஞ்சு அரசர் 16-ஆம் லூயி, 1784-ஆம் ஆண்டில் இதனை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்காவின் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இரசாயன மேதை லவாய்சியர், வானநூல் வல்லுநர் பய்யி, வைத்தியர் கில்லட்டின் முதலியோர் அதில் இருந்தனர். மெஸ்மரின் சீடரான டெஸ்லோன் என்பவரின் சிகிச்சையை அவர்கள் சோதித்தனர். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் டெஸ்லோன் “காந்தம் ஏற்றினார்”. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கண்களைக் கட்டி, மரம் மரமாக அழைத்துச் சென்றனர். நான்காம் மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். ஆனால் அது காந்தம் ஏற்றிய மரமன்று! மற்றொரு பெண்ணின் கண்களைக் கட்டி, டெஸ்லோன் எதிரே நின்று சிகிச்சை செய்கிறார் என்று பொய்யாகச் சொன்னார்கள். மூன்றே நிமிடத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. நோயாளி அறியாதபடி சக்தியைச் செலுத்தினால் ஒன்றும் நிகழவில்லை. செலுத்தாமலே செலுத்தியதாகச் சொன்னால் எல்லாம் நிகழ்ந்தன. ஆகவே, இதைச் செய்வது காந்தமன்று, மனக்கற்பனையே என்று குழு தீர்ப்புக் கூறிற்று.

தோழர்களே! கண்ணைக் கட்டிய இந்தச் சோதனை, வைத்திய உலகத்துக்குக் கிடைத்த ஒப்பற்ற ஆயுதமாகும். இன்று ஒரு புது மருந்தைச் சோதிக்கும்போது, எவர்க்கு மெய்ம்மருந்து, எவர்க்கு வெறும் மாவு என்பதை நோயாளியும் அறியாமல், கொடுப்பவரும் அறியாமல் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த முறையின் மூத்த முன்னோடிகளுள் இத்தோட்டத்துச் சோதனையும் ஒன்று.

இதன் பின்னும் மோசடிகள் ஓய்ந்தனவா? இல்லை. 1796-இல் அமெரிக்காவின் எலிஷா பெர்க்கின்ஸ் என்பவர், இரண்டு உலோகக் கோல்களை உடம்பில் தேய்த்தால் வலிகள் நீங்கும் என்று கூறி, அவற்றுக்கு அரசாங்க உரிமைப் பத்திரமும் பெற்றார். 1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்னும் வைத்தியர், அதே உருவில் மரத்தால் கோல்கள் செய்து, வர்ணம் பூசி, ஐந்து நோயாளிகளுக்குத் தேய்த்துப் பார்த்தார். ஐவரில் நால்வர் தமக்கு நோய் தணிந்ததாக மகிழ்ந்தனர்! எங்கள் லயன் வாசலில் பட்டை விற்றவர்க்கு இக்கதை தெரிந்திராது. வாங்கியவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

நிற்க. பொய்க் காந்தம் சந்தையில் விலைபோன அதே காலத்தை அடுத்து, மெய்க் காந்தம் ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்ந்து வந்தது. 1820-இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்பக் கண்டார். 1831-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே, மாறுகின்ற காந்தப் புலம் கம்பியில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்று நிரூபித்தார். பாரடே கொல்லன் மகன். இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். ஏழைக் குடியில் பிறந்தோர்க்கு அறிவின் வாயில் அடைபட்டதன்று என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நரம்புகளில் ஓடுவதும் மின்சார மாறுதலே. ஆகவே, மாறும் காந்தப் புலத்தால் மண்டையைத் திறவாமலே மூளையின் நரம்புகளை எழுப்பலாம் அல்லவா? 1896-இல் பிரெஞ்சு விஞ்ஞானி டார்சன்வால், மாறுமின்சாரம் ஓடும் பெரிய கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றுவதைக் கண்டார். 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய தோழர்களும், தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் நொடிப்பொழுது வலிய மின்சாரத்தைச் செலுத்தினர். எதிர்ப்பக்கத்துக் கைவிரல்கள் தாமாகவே துடித்தன. இதை வளர்த்தே, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு நோய்க்குரிய சிகிச்சைக் கருவி ஒன்றை அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை 2008-இல் அனுமதித்தது. மெஸ்மர் கைவீசிக் காட்டியதை, இவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாம்.

இனி, மூளையைக் காண்பதைப் பற்றிக் கூறுவாம். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் என்னும் மனநோய் வைத்தியர், மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். வலிப்பு என்பது மூளையின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருங்கே மின்னோட்டம் பொழியும் நிலை என்பது அவ்வலைகளால் கண்கூடாயிற்று. மின்சாரம் உள்ள இடத்தில் காந்தமும் உண்டல்லவா? மூளையினின்று எழும் காந்தம் பூமியின் காந்தத்தைவிடப் பல கோடி மடங்கு நலிந்தது. அத்துணை நலிந்ததையும் 1968-இல் அமெரிக்காவின் டேவிட் கோஹன் அளந்து காட்டினார்.

எங்கள் தோட்டத்து இளைஞன் படுத்த இயந்திரத்தின் மூலம் 1946-இல் தோன்றிற்று. அணுவின் கரு, வலிய காந்தப் புலத்தில் குறிப்பிட்ட ரேடியோ அலைக்கு இசைந்து ஆடும் என்பதை, பிளாக், பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1952-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் அணு உண்டு. பூமியின் காந்தத்தைப் போல் 30,000 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுள்ள காந்தத்தினுள் மனிதனைக் கிடத்தி, ரேடியோ அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவ்வணுக்கள் எதிரொலி போல் ஒரு சைகையைத் திருப்பி அனுப்பும். நலமான இடத்தின் சைகை ஒருவகை. தழும்பின் சைகை வேறுவகை. இச்சைகைகளைப் படமாக்கும் வழியைப் பால் லாட்டர்பர் 1973-இல் வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்பீல்டு அதை விரைவாக்கினார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஆவியும் இல்லை, அருளும் இல்லை. இரும்புத் துண்டு அருகில் இருந்தால் படம் கெடும். வலிய காந்தத்தால் இழுக்கப்பட்டு அது பாய்ந்து ஆளையும் காயப்படுத்தும். ஆகையினாலேயே தாயத்துகள் வாயிலில் நின்றன.

இந்த வழியிலேயே சென்று, நம் காலத்து ஆராய்ச்சியாகிய காந்தத் துகள்களை அடைகிறோம். வியாபாரி தம் பட்டைக்குச் சூட்டிய “நானோ” என்னும் பெயர் இத்துறையிலிருந்து திருடப்பட்டதே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர். காந்த இரும்பு ஆக்ஸைடைப் பத்து, பன்னிரண்டு நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கினால், அதன் இயல்பு மாறுகிறது. வெளியே காந்தம் இருக்கும்வரை துகளும் காந்தமாயிருக்கும். அதை அகற்றியதும் துகளின் காந்தமும் மறையும். பிரான்சின் லூயி நேல் 1949-இல் இதன் இலக்கணத்தை விளக்கினார். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமையால், தக்க மேற்பூச்சோடு இத்துகள்களை இரத்தத்தில் விடலாம்.

ஆயினும் மூளைக்கு ஒரு காவற்கோட்டை உண்டு. 1885-இல் பால் எர்லிக், பிராணிகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, உறுப்புகளெல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் ஏறவில்லை. மூளைக்குள் உள்ள இரத்தக் குழாய்களின் சுவர் அத்துணை நெருக்கமானது. நஞ்சு நுழையாதபடி காக்கும் அதே சுவர், மருந்தையும் நுழையவிடாது தடுக்கிறது. மூளை நோய்க்கு மருந்து அரிதாயிருப்பதற்கு இது பெருங்காரணம். கட்டியாலோ வேறு நோயாலோ அச்சுவர் பழுதுபட்ட இடத்தில் துகள்கள் கசிந்து தங்கும். அவ்விடம் காந்தப் படத்தில் வேறுபட்டுத் தெரியும். ஃபெருமாக்ஸிடால் என்னும் இரும்புத் துகள் மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதையே மூளைக் கட்டிகளைத் தெளிவாகக் காணவும் வைத்தியர் சிலர் பயன்படுத்தியிருக்கின்றனர். 2005-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கிளைஷ், வைட்செனெக்கர் ஆகிய இருவரும், உடம்பின் சைகையை விட்டு, துகளின் சைகையை மட்டும் கொண்டு படம் எடுக்கும் புது முறையை வெளியிட்டனர். மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டுப் பாரிசவாயு வரும்போது, அத்தடையை நோயாளியின் படுக்கையருகிலேயே விரைவில் காண அது உதவக்கூடும் என்ற நம்பிக்கையில், மனிதத் தலை புகும் அளவுள்ள கருவியொன்றை அந்நகரத்து ஆராய்ச்சியாளர் 2019-இல் செய்து காட்டினர்.

நோயைக் காண்பது ஒன்று, தீர்ப்பது மற்றொன்று. 1957-இல் அமெரிக்காவின் கில்கிரிஸ்ட் என்பவரும் தோழர்களும், காந்தத் துகள்களை உடம்பின் நெரிக்கட்டிகளில் சேர்த்து, வேகமாகத் திசை மாறும் காந்தப் புலத்தால் அவற்றைச் சூடாக்கிப் புற்றுநோயை அழிக்கலாம் என்று பிராணிகளில் சோதித்தனர். இக்கருத்தை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் வளர்த்தனர். மூளைக் கட்டியில் துகள்களை ஊசிவழியே நேரே செலுத்தி, விநாடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும் காந்தப் புலத்தில் தலையை வைத்தால், கட்டி மட்டும் வெதும்பும். சுற்றியுள்ள பகுதி பெரும்பாலும் தப்பும். இம்முறைக்கு 2010-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் செய்தும் திரும்பி வந்த கொடிய மூளைக் கட்டியுள்ள 59 பேரின் விவரம் 2011-இல் வெளியாயிற்று. சூட்டோடு கதிர்ச் சிகிச்சையும் பெற்ற அவர்களின் வாழ்நாள், கட்டி திரும்பியதைக் கண்டதிலிருந்து நடுத்தரமாக 13 மாதங்களைச் சற்றுக் கடந்தது. இது முன்னைய நோயாளிகளின் கணக்கைவிட மேலானது.

உள்ளே இரும்பு, வெளியே காந்தம். மெஸ்மரின் உருவமே திரும்பியதைக் கண்டீர்கள். ஆனால், இங்கே இரும்பு எங்கே தங்கிற்று, எத்தனை பாகை சூடேறிற்று, எத்தனை பேர் எத்தனை மாதம் வாழ்ந்தனர் என்பவையெல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. குறைகளும் மறைக்கப்படவில்லை. நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு கூறாக்கி ஒப்பிட்ட சோதனை அன்று அது. துகள் தங்கிய மூளையைப் பின்னர் எம்.ஆர்.ஐ. கருவியால் தெளிவாகக் காணவும் இயலாது. இவற்றை ஆராய்ச்சி உலகமே எடுத்துரைக்கிறது. தன் குறையைத் தானே கூறுவது விஞ்ஞானம். குறையே இல்லையென்பது வியாபாரம்.

மற்றொரு சோதனை நம் அடுக்களையை நினைவூட்டுவது. கைநடுக்க வாதத்துக்கு மூளையின் ஆழத்தில் மின்கம்பியைப் பதித்து நடுக்கத்தை அடக்கும் முறையை, 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்பவர் தொடங்கி வைத்தார். அது பலன் தரும் முறையேயாயினும், மண்டையைத் துளைக்க வேண்டும். கம்பியின்றி இதைச் செய்ய இயலுமா? மிளகாயின் காரத்தையும் நெருப்பின் சூட்டையும் நமக்கு உணர்த்துவது நரம்பிலுள்ள ஒரே வாயில்தான். அவ்வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 2015-இல் அமெரிக்காவில் பொலினா அனிகீவாவின் குழுவினர், எலிகளின் மூளை அணுக்களில் அவ்வாயிலை உண்டாக்கி, அருகில் காந்தத் துகள்களையும் செலுத்தினர். வெளியே மாறுகாந்தப் புலம் எழுந்ததும் துகள் சூடாயிற்று, வாயில் திறந்தது, அணு விழித்தது. கம்பி ஒன்றுமில்லை! இஃது எலியில் நிகழ்ந்ததேயன்றி மனிதரில் அன்று. எலிக்கும் மனிதனுக்கும் இடையே இன்னும் நெடுவழி உள்ளது.

அவ்வழியில் அபாயங்களும் உள. மேற்கூறிய ஃபெருமாக்ஸிடால் மருந்து சிலர்க்கு உயிர்க்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கியதால், அமெரிக்க மருந்துத் துறை 2015-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2016-இல் இங்கிலாந்தின் பார்பரா மாஹர் குழுவினர், மெக்ஸிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைகளை ஆராய்ந்து, புகையில் பிறந்தவை போன்ற காந்த இரும்புத் துகள்கள் அவற்றினுள் இருக்கக் கண்டனர். மறதி நோய்க்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயம் எழுந்தது. அது முடிவு கட்டப்பட்டதன்று. நுண்ணிய இரும்பு மூளைக்கு நண்பனாகவும் கூடும், பகைவனாகவும் கூடும். அளவும் இடமும் பூச்சுமே அதை முடிவு செய்யும் என்பது பெறப்படும்.

இனி, அத்தாயின் கேள்விக்கு விடை கூறலாம். இரும்புக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு. மூளைக்கும் காந்தத்துக்கும்கூட உறவு உண்டு. ஆனால் சாவிக்கும் வலிப்புக்கும் யாதோர் உறவும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமே அடங்குவன. சாவி கொடுத்தாலும் அடங்கும். கரண்டி கொடுத்தாலும் அடங்கும். ஒன்றும் கொடாவிட்டாலும் அடங்கும். பிராங்க்ளின் தோட்டத்துச் சிறுவனுக்குச் செய்த சோதனையை நம் களத்திலும் செய்திருந்தால், இவ்வுண்மை என்றோ வெளிப்பட்டிருக்கும். கைவளைப் பட்டையும் அத்தகையதே. துகளும் இல்லை, மாறுகாந்தமும் இல்லை, மூளையை எட்டும் வழியும் இல்லை.

இதை நான் அவரிடம் ஒரு மாலைப்பொழுது முழுதும் அமர்ந்து விளக்கினேன். அவர் எளிதில் ஒப்பவில்லை. “அப்படியானால் அந்தத் தூளை என் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்களேன், ஐயா” என்றார். அது இன்னும் வலிப்புக்குச் சிகிச்சையாகவில்லை, இன்று அவனுக்கு உரியது மாத்திரையே என்று சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. வருங்காலத்து வியப்பைப் பேசிவிட்டு, இன்றைய மாத்திரையைக் கையில் கொடுப்பது எளிதன்று. அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் பட்டையைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். தாயத்துகளைக் கழற்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மாத்திரை நாள் தவறாது செல்கிறது. அதுவே எனக்கு வேண்டுவது.

தோட்டத்து அன்பர்களும் பட்டணத்து அன்பர்களும் இதை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். வலிப்பு வந்தவரைக் கண்டால், கூர்மையான பொருள்களை அகற்றுங்கள், தலைக்கடியில் மெத்தென்ற துணியை வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கச் செய்யுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால், அல்லது மீண்டும் மீண்டும் வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். டாக்டரைக் கேளாது மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெண் கொடுக்க அஞ்சியும் பெண் எடுக்க அஞ்சியும் இந்நோயை மறைக்காதீர்கள். இது குலத்தின் பழியுமன்று, முன்வினையின் பலனுமன்று. ஓர் உறுப்பின் நோய், அவ்வளவே.

ஸ்டோர் சாவிக் கொத்து இப்பொழுதும் என்னிடமே இருக்கிறது. பெரட்டுக் களத்துக்குச் செல்லும்போது, அதனுடன் ஒரு கைக்கடிகாரத்தையும் மறவாது அணிந்து செல்கிறேன். அந்த இளைஞனின் பெயரை வாசிக்கும் முறை வரும்போது சற்றே நிமிர்ந்து பார்க்கிறேன். அவன் குரல் கொடுக்கிறான். அடுத்த பெயரை வாசிக்கிறேன்.